ஷார்டு என்றால் ஓடா, சில்லா, கூறா?

கீழடி பற்றிய ஆங்கிலச் செய்தியைப் படிப்பவருக்கு 'ஷெர்டு' என்ற சொல் எதிர்ப்படுகிறது. பேருந்தின் முகப்புக் கண்ணாடி நொறுங்கிய விபத்துச் செய்தியில் அதுவே 'ஷார்டு' என்று வருகிறது. லண்டனின் மிக உயரமான கட்டடத்தின் பெயரும் ஷார்டு. தரவுத்தளங்களைப் பராமரிப்பவர்களோ 'மூன்றாவது ஷார்டு படுத்துவிட்டது' என்று பேசிக்கொள்கிறார்கள். மண்பானை, கண்ணாடி, வானளாவிய கட்டடம், கணினி ஆகிய நான்குக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தியது என்பதும், தமிழில் எழுதும்போது அதற்கு எந்தச் சொல்லைப் போடுவது என்பதும் அகராதியைப் புரட்டினால் மட்டும் தீர்கிற கேள்விகள் அல்ல. 'உடைந்த துண்டு' என்று சொல்லி அகராதி நின்றுவிடுகிறது. உடைந்த துண்டுக்கு ஆங்கிலத்தில் பத்துச் சொற்களாவது இருக்கின்றன. அவற்றுள் இதற்கு மட்டும் ஏன் இத்தனை இடங்களில் வேலை கிடைத்தது என்பதே விளங்கவேண்டியது.

தமிழ் எழுத்தில் இச்சொல்லுக்குக் கூடுதலாக ஒரு தொல்லையும் உண்டு. குட்டையானது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் நாம் 'ஷார்ட்' என்றே எழுதுகிறோம். ஆகவே 'டேட்டாபேஸை ஷார்ட் செய்தார்கள்' என்று படிப்பவர், அதைச் சுருக்கிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டால் பிழை அவருடையதன்று. இக்கட்டுரையில் துண்டைக் குறிக்கும் சொல் 'ஷார்டு' என்றும், குட்டையைக் குறிப்பது 'ஷார்ட்' என்றும் எழுதப்படுகின்றன. இவ்விரண்டும் ஒரே வேரில் கிளைத்த பங்காளிகள் என்பது சற்றுக் கழித்துத் தெரியவரும்.

துண்டுக்கு முன் பிளவு

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ஏறத்தாழ 'ஷெஆர்ட்' என்று ஒலித்தது. அப்போது அதற்கு இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, வெட்டினால் ஏற்பட்ட பிளவு அல்லது இடைவெளி. மற்றொன்று, உடைந்து விழுந்த ஓடு. விளிம்பு சிதைந்த பொருளை வருணிக்கும் பெயரடையாகவும் அது வழங்கியது. இதன் ஜெர்மானிய உறவுமொழிகளைப் பார்த்தால் பிளவு என்ற பொருளே முதன்மையாக இருந்தது புலனாகும். ஜெர்மன் மொழியில் 'ஷார்ட்டே' என்பது கத்தியின் வாயில் விழுந்த பல். ஐஸ்லாந்து மொழியில் 'ஸ்கார்த்' என்பது இரு மலைகளுக்கு நடுவே உள்ள கணவாய். இங்கிலாந்தின் வட்டார வழக்குகளிலும் வேலியில் விழுந்த சந்துக்கு ஷார்டு என்ற பெயர் வெகுகாலம் நின்றது. பொது வழக்கில் அப்பொருள் உதிர்ந்துபோய், விழுந்த துண்டு மட்டும் எஞ்சியது.

பானையின் வாய் உடையும்போது இரண்டு பொருள்கள் ஒருசேரப் பிறக்கின்றன: பானையில் ஒரு வெற்றிடம், தரையில் ஒரு துண்டு. ஒன்றின் ஓரம் மற்றதன் ஓரத்தோடு பொருந்தும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது தமிழருக்கு விந்தையாகத் தோன்றவேண்டியதில்லை. சுவரில் விழுந்ததும் பிளவுதான். வெற்றிலையோடு வாயில் போட்டுக்கொள்ளும் பாக்கின் துண்டும் பிளவுதான். கீறினால் தோலில் விழுவது கீறல். தேங்காயைக் கீறினால் கையில் கிடைப்பது கீற்று.

இவையனைத்துக்கும் அடியில், 'வெட்டு' என்ற பொருளுடையதாக மொழிநூலார் மீட்டமைத்திருக்கும் 'ஸ்கெர்' என்னும் இந்தோ-ஐரோப்பிய வேர் இருக்கிறது. அதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்த குடும்பம் பெரியது. அதில் சிலரை மட்டும் காண்போம்:

1. ஷேர்: வெட்டிப் பிரித்த பகுதி, ஆகவே பங்கு. பங்குச் சந்தையில் வாங்கி விற்பதும் இதுவே. ஏரின் கொழுவைக் குறிக்கும் 'ஷேர்' என்ற சொல்லும், மண்ணை வெட்டிச் செல்வதால், இதே வேரினது.
2. ஷியர்: ஆட்டு மயிரைக் கத்தரித்தல்.
3. ஷார்ட்: வெட்டப்பட்டதனால் குட்டையானது.
4. ஷர்ட், ஸ்கர்ட்: இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள், மூலப் பொருள் குட்டை உடை.
5. ஸ்கோர்: எண்ணிக்கைக்காகக் கோலில் வெட்டிய வெட்டு. இருபதுக்கு ஒரு வெட்டு என்று எண்ணியதால் இருபதுக்கே அது பெயராகி, பின்னர் ஆட்டத்தின் மதிப்பெண்ணுக்கும் வந்தது.

நான்காவதில் ஒரு நுட்பம் கிடக்கிறது. பழைய ஆங்கிலத்தில் சொல்முதலில் இருந்த 'ஸ்க' என்ற ஒலி காலப்போக்கில் 'ஷ' என்று மெலிந்தது. வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழியில் அது மெலியவில்லை. அவர்கள் இங்கிலாந்தில் குடியேறியபோது அவர்களுடைய சொற்களும் உடன் வந்ததால், ஒரே சொல் சட்டையாகவும் பாவாடையாகவும் இருமுறை பதிவாகிவிட்டது.

ஷார்டும் ஷெர்டும்

இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு எழுத்துக்கூட்டல்கள். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் 'ஷெர்டு' என்பதே காணப்படுகிறது. இன்றைய தொழில் வழக்கில், சுட்ட மண்கலத்தின் துண்டைத் தொல்லியலார் பெரும்பாலும் ஷெர்டு என்பார்கள். கண்ணாடித் துண்டை ஷார்டு என்பார்கள். இது கட்டாயமான விதியன்று. பொதுமக்கள் இரண்டுக்கும் ஷார்டு என்றே எழுதுகிறார்கள், அதைப் பிழை என்று எவரும் திருத்துவதில்லை.

அந்த விவிலியத்தின் ஏசாயா ஆகமத்தில் வரும் ஓர் உவமை, ஓடு என்பது அக்காலத்தில் குப்பையாக மட்டும் இருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. அடுப்பிலிருந்து நெருப்பு எடுக்கவோ குழியிலிருந்து நீர் மொள்ளவோ உதவும் அளவுக்குக்கூட ஓர் ஓடு மிஞ்சாதபடி பானை நொறுங்கும் என்பது அந்த உவமை. பானை உடைந்தால் அதன் பெரிய துண்டு தணல் அள்ளும் கரண்டியாகவும், நீர் முகக்கும் குவளையாகவும் மறுபடி வேலைக்குப் போயிருக்கிறது. உடலெங்கும் பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்த யோபு சுரண்டிக்கொள்ள எடுத்ததும் ஓர் ஓடுதான். தமிழ் விவிலியமும் அவ்விடத்தில் 'ஓடு' என்றே சொல்கிறது.

ஓடு என்ற தமிழ்ச்சொல்

ஆமைக்கு ஓடு, நண்டுக்கு ஓடு, முட்டைக்கு ஓடு, தலைக்கு மண்டையோடு, கூரைக்கு ஓடு, இரப்பவர் கையில் திருவோடு, உடைந்த பானைக்கும் ஓடு. உள்ளே இருக்கும் ஒன்றை மூடிக் காக்கிற, வளைந்த, கடினமான, தட்டினால் ஒலிக்கிற பொருள் எல்லாம் தமிழில் ஓடு. கிரேக்க மொழியிலும் இதே சேர்க்கை உண்டு: 'ஆஸ்ட்ரகான்' என்றால் சிப்பி, ஆமை முதலியவற்றின் ஓடு, பானை ஓடும் அதுவே. ஆங்கிலத்தில் சிப்பி இறைச்சிக்கு வழங்கும் 'ஆய்ஸ்டர்' என்ற பெயரும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆங்கில ஷார்டும் ஒருமுறை இந்தப் பக்கம் எட்டிப்பார்த்தது. ஆனால் தவறான வழியாக. ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில் ஒரு வண்டுக்கு ஷார்டு என்ற சொல்லைச் சேர்த்த அடைமொழி வருகிறது. அங்கே ஷார்டு என்பது மாட்டுச் சாணத்தைக் குறிக்கும் வட்டாரச் சொல் என்று கொள்பவர்கள் உண்டு; சாணத்தில் பிறந்த வண்டு என்பது அவ்வழிப் பொருள். 18ஆம் நூற்றாண்டு உரைகாரர்களோ அதை வண்டின் முதுகை மூடும் கடினச் சிறகு என்று கொண்டு, ஓடுபோன்ற சிறகால் பறக்கும் வண்டு என்று விளக்கினார்கள். அந்த உரையை நம்பிய பிற்காலத்தவர்கள் வண்டின் சிறகுறைக்கு ஷார்டு என்றே எழுதத் தொடங்க, அப்பொருளும் அகராதியில் ஏறிவிட்டது. உரையாசிரியர் கண்ட பொருளே சொல்லின் பொருளாகிவிடுவது தமிழ் இலக்கிய மாணவர்களுக்குப் புதிய செய்தியன்று.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

'ஃபிராக்மென்ட்' லத்தீன் வழி வந்த பொதுச்சொல். கவிதையின் சிதைந்த அடியையும் குறிக்கும். 'ஸ்பிளிண்டர்' மரச் சிராய். 'டெப்ரி' பிரெஞ்சிலிருந்து வந்தது. இடிபாடும் சிதறிக் கிடக்கும் கழிவும் அது. 'ஸ்மிதரீன்ஸ்' ஐரிஷ் மொழிவழி வந்தது, நமது சுக்குநூறு. 'ஷ்ராப்னெல்' என்பது ஆள்பெயர்: பிரிட்டிஷ் பீரங்கிப்படை அதிகாரி ஹென்றி ஷ்ராப்னெல் 1784 வாக்கில் உருவாக்கிய குண்டினுள் சிறு ஈய உருண்டைகள் நிறைக்கப்பட்டிருந்தன, இன்று எந்தக் குண்டின் ஓடு சிதறினாலும் அவர் பெயரையே சூட்டுகிறார்கள். பிரிட்டனில் பேச்சுவழக்கில் சட்டைப்பையில் குலுங்கும் காசுகளுக்கும் அதே பெயர் உண்டு என்பது, சில்லு என்று சொல்லும் வாயால் சில்லறை என்றும் சொல்லும் நமக்கு எளிதில் பிடிபடும்.

இவற்றிலிருந்து ஷார்டை வேறுபடுத்துவன மூன்று: அது கடினமான, நொறுங்கும் தன்மையுள்ள பொருளிலிருந்து வரவேண்டும், ஓரம் கூர்மையாக இருக்கவேண்டும், எந்த முழுமையிலிருந்து உடைந்தது என்பது துண்டைப் பார்த்தாலே ஓரளவு தெரியவேண்டும். மூன்றாவது பண்பை அகராதிகள் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் இச்சொல்லின் பிற்கால வாழ்வு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. தூளைப் பார்த்துப் பானையைச் சொல்லமுடியாது; ஓட்டைப் பார்த்துச் சொல்லலாம்.

ஓட்டில் எழுதப்பட்டவை

காகிதம் இல்லாத உலகில், விலையில்லாமல் கிடைத்த எழுதுபொருள் பானை ஓடு. எகிப்தில் பப்பைரஸ் தாள் விலையுயர்ந்ததாக இருந்ததால் ரசீதும் கணக்கும் கடிதமும் மாணவர் பயிற்சியும் ஓட்டில் எழுதப்பட்டன. ஏதென்ஸ் நகரத்தார் அதை அரசியலுக்குப் பயன்படுத்தினார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, யாரையேனும் ஊரைவிட்டு விலக்கவேண்டுமா என்று பேரவை முதலில் முடிவெடுக்கும். வேண்டும் என்றால் பின்னொரு நாளில் குடிமக்கள் ஆளுக்கு ஓர் ஓட்டில் ஒரு பெயரைக் கீறிப் போடுவார்கள். குறைந்தது 6000 ஓடுகள் என்ற வரம்பு இருந்தது. விலக்கப்பட்டவர் 10 ஆண்டுகள் வெளியே இருக்கவேண்டும். ஆனால் சொத்து பறிபோகாது, குடியுரிமையும் போகாது. கி.மு. 487இல் முதன்முதலாக நடைமுறைக்கு வந்த இம்முறை ஏறத்தாழ 70 ஆண்டுகள் நீடித்தது. ஒதுக்கிவைத்தல் என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் 'ஆஸ்ட்ரசிசம்' அந்த ஓட்டின் பெயரால் வந்தது. (ஓட்டில் எழுதிப் போட்டதால் ஓட்டு என்று வந்ததோ என்று எண்ணவேண்டாம், வாக்கைக் குறிக்கும் 'ஓட்டு' ஆங்கில 'வோட்' என்பதன் திரிபு. ஒலி ஒத்துப்போனது தற்செயல்.)

ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றிலிருந்து, பெர்சியரை வென்ற தெமிஸ்டாக்ளிஸின் பெயர் கீறிய சுமார் 190 ஓடுகள் ஒருசேரக் கிடைத்தன. கையெழுத்தை ஒப்பிட்டபோது அவை வெறும் 14 பேர் கைப்பட எழுதியவை என்று தெரிந்தது. எதிரணியினர் பெயரை முன்கூட்டியே எழுதி, வருவோர் கையில் கொடுப்பதற்காகக் குவித்து வைத்திருந்தார்கள் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். எந்த வரலாற்று நூலும் பதியாமல் விட்ட தேர்தல் தில்லுமுல்லை உடைந்த ஓடுகள் காட்டிக்கொடுத்தன.

எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் பொறித்த ஓடுகள் கிடைத்தன. பின்னர் அதே இடத்தில் கிடைத்து 2007இல் தெரியவந்த மற்றொரு ஓட்டில், பானையைத் தொங்கவிடும் உறியைக் குறித்து 'பானை ஒறி' என்று எழுதியிருப்பதைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். அது கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. கடல் கடந்து சென்ற ஒரு பானை உடைந்ததால்தான் உறி என்ற வீட்டுச் சொல்லுக்கு இரண்டாயிரம் ஆண்டுச் சான்று கிடைத்தது.

ஓர் ஓட்டை எப்படிப் படிக்கிறார்கள்?

கீழடியில் 2018இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் தமிழ் பிராமி எழுத்துள்ள 56 ஓடுகள் கிடைத்தன. 'ஆதன்', 'குவிரன்' போன்ற ஆட்பெயர்கள் அவற்றில் உள்ளன. 2019 செப்டம்பரில் வெளியான அறிக்கையில், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று குறிப்பிடப்பட்டது. இதைத் தொடர்ந்து 'ஓட்டின் வயது கி.மு. 580' என்று பலர் எழுதினார்கள். அது துல்லியமான வாசகம் அன்று.

கரிமக் காலக்கணிப்பு, ஒருகாலத்தில் உயிரோடிருந்த பொருளுக்கே பொருந்தும்: கரித்துண்டு, நெல்மணி, எலும்பு ஆகியவை. சுட்ட களிமண்ணுக்கு அது நேரடியாகப் பொருந்தாது. ஆகவே காலம் கணிக்கப்படுவது ஓடு கிடந்த மண்ணடுக்கில் அதனோடு கிடந்த கரிமப் பொருளுக்கு. ஓட்டுக்கு அக்காலம் வருவது இரண்டும் ஒரே அடுக்கில், பிற்காலக் குழிகளால் கலைக்கப்படாமல் கிடந்தன என்ற அனுமானத்தின் வழியாக. பழனிக்கு அருகில் பொருந்தலில், எழுத்துள்ள மட்கலம் கிடைத்த அதே ஈமக்குழியில் ஒரு சாடி நிறைய நெல் இருந்ததால் இந்தச் சங்கிலி குறுகியது. அந்நெல்லின் காலம் கி.மு. 490 என்று வந்தது. கீழடியின் முதல் இரு கட்டங்களைப் பற்றி 2023இல் அளிக்கப்பட்ட அறிக்கையில் திருத்தங்கள் கேட்டு இந்தியத் தொல்லியல் துறை 2025 மே மாதத்தில் எழுதியபோது எழுந்த விவாதமும், பெரும்பகுதி, அடுக்குகளையும் அவற்றுக்குத் தரும் காலத்தையும் பற்றியதே. ஓடு பொய் சொல்வதில்லை. ஆனால் அது எந்த அடுக்கில் படுத்திருந்தது என்பதை மனிதர்தான் பதிவுசெய்யவேண்டும்.

காலம் ஒருபுறமிருக்க, கையளவு ஓட்டிலிருந்து முழுப் பானையை மீட்பது எப்படி என்பதையும் பார்க்கலாம்.

1. முதலில் அது எந்தப் பகுதி என்று பார்ப்பார்கள். உடற்பகுதித் துண்டுகளே மிகுதியாகக் கிடைக்கும். அவற்றால் பயன் குறைவு. வாய்விளிம்புத் துண்டு கிடைத்தால் அதைத் தனியே எடுத்து வைப்பார்கள்.

2. ஒருமைய வட்டங்கள் வரைந்த தாளின்மேல் அந்த விளிம்பைக் கவிழ்த்து வைத்து, எந்த வட்டத்தோடு அதன் வளைவு இழைகிறது என்று பார்த்தால் பானையின் வாய் அகலம் கிடைத்துவிடும். முழு வட்டத்தில் அத்துண்டு எத்தனை பங்கு என்பதையும் அதே தாளில் படித்துக்கொள்ளலாம்.

3. உடைந்த ஓரத்தின் குறுக்குவெட்டைப் பார்ப்பார்கள். உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமாக இருக்கும் கருப்பு-சிவப்பு மட்கலம், கவிழ்த்து வைத்துச் சுட்டது என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. உட்புறத்துக்குக் காற்று எட்டாததால் கருத்தது, வெளிப்புறம் காற்றுப் பட்டுச் சிவந்தது.

4. கீறல் இருந்தால் அதன் ஓரத்தைப் பார்ப்பார்கள். ஈரக் களிமண்ணில் எழுதியிருந்தால் கோட்டின் இருபுறமும் மண் ஒதுங்கி மெல்லிய கரையாக நிற்கும். சுட்டபின் கீறியிருந்தால் ஓரம் பொரிந்து பிசிறடித்திருக்கும். முன்னதென்றால் எழுதியது குயவர் கூடத்தில். பின்னதென்றால் பெரும்பாலும் வாங்கிச் சென்றவர் வீட்டில். எழுத்தறிவு யாரிடம் இருந்தது என்ற பெரிய கேள்விக்கு ஒரு கோட்டின் பிசிறு விடை தருகிறது.

ஓரத்தை வட்டமாகத் தேய்த்த ஓடுகளும் கீழடியில் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. பாண்டி ஆடும் சிறுமியர் கட்டத்தில் எறியும் அதே வட்டச் சில்லு அது. உடைந்த பானைத் துண்டைத் தரையில் உரசி உருட்டையாக்கும் பழக்கம் நம் ஊர்களில் சென்ற தலைமுறைவரை இருந்ததால், அதைக் கண்டுகொள்ள எவருக்கும் நிபுணத்துவம் தேவைப்படவில்லை.

எரிமலைச் சாம்பலிலும் ஒரு ஷார்டு

நிலவியலில் ஷார்டு என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய எரிமலைக் கண்ணாடித் துணுக்கு. உருகிய பாறைக் குழம்பில் இருக்கும் வாயுக் குமிழிகள் வெடிக்கும்போது அவற்றின் சுவர்கள் நொறுங்கி, வளைந்த சிறு துண்டுகளாகக் காற்றில் பறக்கின்றன. சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது பறந்த சாம்பல் இந்தியா முழுதும் படிந்தது. ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் அச்சாம்பல் படுகைக்குக் கீழும் மேலும் கற்கருவிகள் கிடைத்துள்ளன. அங்குள்ள சாம்பல் தோபாவினுடையதுதான் என்று உறுதிசெய்ய உதவுவது அந்த ஷார்டுகளின் வேதியியல் கலவை. இங்கும் துண்டு தன் முழுமையைச் சொல்லிவிடுகிறது.

லண்டன் ஷார்டு

இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்து 2012இல் திறக்கப்பட்ட, சுமார் 310 மீட்டர் உயரக் கட்டடம் இது. முதலில் அதற்கு லண்டன் பிரிட்ஜ் டவர் என்று பெயர். பழைய நகரத்தின் நெஞ்சில் செருகிய கண்ணாடிச் சில்லு என்ற பொருள்பட மரபுக் காப்பு அமைப்பு ஒன்று கண்டித்ததாகவும், அந்தக் கண்டனச் சொல்லே பெயராக ஒட்டிக்கொண்டதாகவும் சொல்லப்படுகிறது. உச்சியில் கண்ணாடிப் பலகைகள் ஒன்றோடொன்று சேராமல் உடைந்தாற்போல நிற்பதைப் பார்த்தால், ஏசியவருக்குச் சொல்வளம் இருந்தது என்பதை மறுக்கமுடியாது.

உடையாத ஷார்டு: தரவுத்தளம்

கணினியில் ஷார்டு என்பது விபத்தின் விளைவு அன்று; திட்டமிட்ட வெட்டு. அடிப்படையிலிருந்து தொடங்கலாம். ஒரு செயலியின் வாடிக்கையாளர் பதிவுகள் அனைத்தும் ஒரே சர்வரில் இருப்பதாகக் கொள்வோம். பதிவுகள் பெருகும்போது முதலில் பெரிய சர்வர் வாங்குவார்கள். அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லைக்கு அருகில் விலை தாறுமாறாக ஏறும். அப்போது இரண்டு வழிகள்:

1. ரெப்ளிகா: முழுத் தரவையும் பல சர்வர்களில் நகலெடுத்து வைப்பது. படிக்கும் வேலை பகிரப்படும். எழுதும் வேலை ஒவ்வொரு நகலிலும் நடந்தாகவேண்டும் என்பதால் அது குறையாது.

2. ஷார்டிங்: தரவைப் பிரித்து, ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு பகுதியை மட்டும் கொடுப்பது. எந்தப் பதிவு எந்தச் சர்வருக்குப் போகும் என்று தீர்மானிக்கும் புலத்துக்கு ஷார்டு கீ என்று பெயர்.

10 சர்வர்கள் இருந்தால், வாடிக்கையாளர் எண்ணைப் பத்தால் வகுத்து மீதி எதுவோ அந்தச் சர்வரில் போடலாம். எண் 57 என்றால் ஏழாம் ஷார்டு. எளிமையானது, விரைவானது. சிக்கல் பதினொன்றாவது சர்வரைச் சேர்க்கும் நாளில் தொடங்கும். இப்போது பதினொன்றால் வகுக்கவேண்டும். 57க்கு மீதி 2. 0 முதல் 109 வரையுள்ள 110 எண்களை எடுத்துக்கொண்டால், முதல் 10 எண்களுக்கு மட்டுமே பழைய மீதியும் புதிய மீதியும் ஒன்று. ஏனைய 100 எண்களும் இடம் மாறவேண்டும். ஒரு சர்வரைச் சேர்க்கப் போய், பதினொன்றில் பத்துப் பங்குத் தரவைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டிவரும். இதைத் தவிர்க்க 1997இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் முன்வைத்த 'கன்சிஸ்டென்ட் ஹேஷிங்' என்ற முறையில் பதிவுகளும் சர்வர்களும் ஒரு கற்பனை வளையத்தில் அடுக்கப்படுகின்றன. புதிய சர்வர் தன் பங்குக்குரிய ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கை மட்டும் வாங்கிக்கொள்கிறது.

ஷார்டு கீயைத் தவறாகத் தேர்ந்தால் வேறு தொல்லைகள் வரும். மாநிலவாரியாகப் பிரித்தால், தீபாவளிக்கு முந்தைய வாரம் தமிழ்நாட்டு ஷார்டு மூச்சுத்திணற, மிசோரம் ஷார்டு ஓய்ந்திருக்கும். இப்படித் திணறுவதைச் சூடான ஷார்டு என்பார்கள். 'நேற்று நாடு முழுதும் மொத்த விற்பனை எவ்வளவு' என்ற சாதாரணக் கேள்விக்கு எல்லா ஷார்டுகளையும் தட்டியெழுப்பவேண்டும். ஓர் ஷார்டிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றினால், ஒரு பக்கம் கழிந்து மறுபக்கம் ஏறாமல் நின்றுபோகும் ஆபத்தையும் கவனிக்கவேண்டும். ஒரு ஷார்டு விழுந்தால் 'எனக்கு வேலை செய்கிறது, உனக்கு ஏன் செய்யவில்லை' என்ற நிலை உண்டாவதும் இதனால்தான்.

இப்பெயர் கணினிக்கு எப்படி வந்தது என்பதற்கு இரண்டு கதைகள் உலவுகின்றன. 1980களில் ஓர் அமெரிக்க நிறுவனம் உருவாக்கிய தரவு அமைப்பின் பெயர்ச் சுருக்கம் ஷார்டு என்றே அமைந்தது என்பது ஒன்று. ஆனால் அது நகலெடுத்து வைக்கும் அமைப்பு, பிரித்து வைப்பதன்று. இன்றைய பொருளுக்கு நெருங்கி வருவது இரண்டாவது கதை. 1997இல் வெளியான 'அல்டிமா ஆன்லைன்' என்ற விளையாட்டில் எல்லா ஆட்டக்காரர்களையும் ஒரே சர்வர் தாங்கவில்லை. ஆகவே ஒரே கற்பனை உலகத்தின் பல படிகளைப் பல சர்வர்களில் ஓட்டினார்கள். அதற்கு ஒரு காரணம் வேண்டுமே. பழைய அல்டிமா கதையில் வில்லனின் மாயமணி உடைகிறது, அதன் ஒவ்வொரு சில்லிலும் உலகத்தின் ஒரு பிம்பம் சிக்கிக்கொண்டது என்று கதை கட்டினார்கள். ஒவ்வொரு சர்வரும் ஒரு ஷார்டு ஆயிற்று. அதை விளையாடி வளர்ந்த பொறியாளர்கள் பின்னர் தரவுத்தளங்களைக் கட்டியபோது சொல்லையும் எடுத்துச் சென்றார்கள் என்பது நம்பத்தக்கதே; ஆயினும் முதல் கதையை முற்றாகத் தள்ளிவிடவும் போதிய சான்று இல்லை.

தமிழில் எதைப் போடுவது?

தொல்லியல் செய்தியில் 'பானை ஓடு' என்பதைத் தவிர வேறொன்று வேண்டியதில்லை; 'மட்பாண்டத் துண்டு' என்று எழுதுவது இருக்கும் சொல்லை விட்டுவிட்டு வேறு தேடுவது. கண்ணாடிக்குச் 'சில்லு' போதும். ஆனால் அதே சில்லு இப்போது கணினித் தமிழில் 'சிப்' என்பதற்கும் வழங்குகிறது. குறைகடத்திச் சில்லு என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. ஆகவே தரவுத்தள ஷார்டுக்கும் சில்லு என்று போட்டால், வன்பொருளா மென்பொருளா என்று வாசகர் திகைப்பார்.

அங்கே பொருந்துவது 'கூறு'. சந்தையில் கத்தரிக்காயைக் குவியல் குவியலாகப் பிரித்து வைப்பதைக் கூறு கட்டுவது என்கிறோம். சொத்தைப் பிரிப்பதும் கூறு போடுவதே. கூறு என்பதில் உடைதல் இல்லை, பிரித்தல் இருக்கிறது. ஒவ்வொரு கூறும் தனித்து விற்கக்கூடியது, எல்லாக் கூறும் சேர்ந்தால்தான் முழுச் சரக்கு. ஆங்கில ஷார்டின் உடன்பிறப்பான ஷேருக்கு நாம் பங்கு என்று வைத்திருப்பதோடும் இது இசைகிறது. பொறியாளர்கள் பேச்சில் ஷார்டு, ஷார்டிங் என்பவை ஊன்றிவிட்டன. அவற்றைப் பிடுங்க முயல்வது வீண். எழுதும்போது முதல் இடத்தில் 'ஷார்டு, அதாவது தரவுக்கூறு' என்று ஒருமுறை விளக்கிவிட்டு, கடைசியில் வரும் 'டு' வை மறவாமல் போட்டால், டேட்டாபேஸில் ஷார்ட் சர்க்யூட் ஆகிவிட்டது என்று எவரும் எலக்ட்ரீஷியனைத் தேடமாட்டார்கள்.